கலர் கலரா உருளைக்கிழங்கு: ஹெரிடேஜ் பாக்ஸுக்கு காசு குடுக்கலாமா?

இங்க இங்கிலாந்துல செப்டம்பர் அக்டோபர் ஆச்சுன்னா ஃபார்ம் ஷாப்ல எல்லாம் ஹெரிடேஜ் உருளைன்னு, அதாவது அந்தக் காலத்துப் பழைய ரகம்னு, போர்டு மாட்டி ஊதா சிவப்புன்னு அடுக்கிருவாங்க, விலை சூப்பர்மார்க்கெட்ல சாதாரணமா கிடைக்குற மாரிஸ் பைப்பர் ரகத்தை விட மூணு நாலு மடங்கு. நம்ம சமையலுக்கு இது தேவையா, வெறும் பந்தாவான்னு பாக்கலாம்னு ஒரு மிக்ஸ்டு பாக்ஸ் வாங்கியாச்சு. உள்ள அஞ்சு ரகம்: பிங்க் ஃபிர் ஆப்பிள், கிங் எட்வர்ட், ஆரன் விக்டரி, ஷெட்லாண்ட் பிளாக், ஹைலாண்ட் பர்கண்டி ரெட்.

மொதல்ல ஒரு குறை. எல்லாத்தையும் ஒரே பாக்ஸ்ல கலந்து கொட்டி அனுப்புறாங்க, எது எதுன்னு ஒரு சீட்டு கூட இல்ல. தெரியாத ஆள் வாங்கி எல்லாத்தையும் ஒண்ணா குக்கர்ல போட்டா பாதி கூழாயிரும் பாதி கல்லு மாதிரி நிக்கும், அப்புறம் ஹெரிடேஜும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு போயிருவாங்க. அத்தனை விலை வாங்குறவங்க அஞ்சு பைல போட்டு பேரு எழுதிக் குடுத்தா கொறைஞ்சா போயிருவாங்க?

எல்லாத்தையும் ஒரு தடவை தனித்தனியா தோலோட உப்புத்தண்ணில வேகவச்சு ஒண்ணும் போடாம தின்னு பாத்தேன், வித்தியாசம் அங்கேயே தெரிஞ்சுரும். இதுல ஜெயிச்சது பிங்க் ஃபிர் ஆப்பிள் தான், சந்தேகமே இல்ல. பாக்க இஞ்சிக் கிழங்கு மாதிரி கோணல் மாணலா முட்டு முட்டா இருக்கும், வெளிர் ரோஸ் தோல், உள்ள மஞ்சள். 1850 வாக்குல இந்த ஊருக்கு வந்த வகை. பச்சையா தோல் சீவப் போனா பாதி கிழங்கு குப்பைக்குப் போயிரும், பொறுமையும் போயிரும், அதனால நல்லா தேச்சுக் கழுவிட்டு தோலோடயே போடுங்க. ஸ்டார்ச் கம்மி, வழுவழுன்னு இறுக்கமா இருக்கும், வெந்த பிறகும் உடையவே உடையாது, கடிக்கும்போது லேசா ஒரு கொட்டைப்பருப்பு மணம் வரும். நீளவாக்குல ரெண்டா பொளந்து கடுகு கறிவேப்பிலை தாளிச்சு மிளகாத்தூள் போட்டு சிம்ல வச்சு பெரட்டி விட்டா வெட்டின பக்கம் மட்டும் மொறுமொறுன்னு ஒட்டி உள்ள வெண்ணெயா இருக்கும், ரசஞ்சோத்துக்கு இதுக்கு மேல என்ன வேணும். காரக்குழம்புல போட்டாலும் கரையாது. ஒண்ணே ஒண்ணு, புளி ஊத்துறதுக்கு முன்னாடியே நல்லா வேகவச்சிருங்க, புளிப்பு சேந்துட்டா எந்தக் கிழங்கும் மேக்கொண்டு லேசுல வேகாது, இது ஏற்கனவே இறுக்கமான ஜாதி, விடிய விடிய கொதிச்சாலும் நறுக் நறுக்குன்னு தான் இருக்கும்.

கிங் எட்வர்ட் இதுக்கு நேரெதிர். 1902ல ஏழாம் எட்வர்ட் முடிசூட்டுன வருஷம் வந்ததால அந்தப் பேரு, வெள்ளைத்தோல்ல கண்ணைச் சுத்தி ரோஸ் கலர் திட்டு இருக்கும், அதை வச்சே கண்டுபிடிச்சிரலாம். சூப்பர்மார்க்கெட்லயே சாதா விலைக்கு கிடைக்குற கிழங்கு இது, ஹெரிடேஜ் பாக்ஸ்ல இதையும் தள்ளி விடுறது கொஞ்சம் ஓவர். ஆனா ஞாயித்துக்கிழமை ரோஸ்ட்டுக்கு இந்த ஊர்க்காரங்க இதை விடாம இருக்குறதுல ஞாயம் இருக்கு. முக்கால் பதம் வேகவச்சு, தண்ணிய வடிச்சு, பாத்திரத்தை மூடி நல்லா குலுக்கினா ஓரமெல்லாம் மாவு மாவா சிலுத்துக்கும், அதை ஓவன்ல காஞ்சிட்டிருக்குற எண்ணெய்ல போடணும். அந்த சிலுத்த மாவு தான் மொறுமொறு மேல்தோலா மாறுது. அவங்க வாத்துக் கொழுப்பு ஊத்துவாங்க, நான் சன்ஃபிளவர் ஆயில் தான், கடைசில மிளகு இடிச்சுத் தூவினா போதும். மண்ணுல இருக்குற நூற்புழு தாக்குனா தாங்காத ரகம்னு விவசாயிங்க மாரிஸ் பைப்பருக்கு மாறிட்டாங்க, ருசி கொறைஞ்சு மாறல.

ஆரன் விக்டரி ஸ்காட்லாந்துல ஆரன் தீவுல டொனால்ட் மெக்கெல்வின்னு ஒருத்தர் உருவாக்குன ரகம், 1918ல முதல் உலகப்போர் முடிஞ்ச சமயம், அதான் விக்டரி. தோல் அழகான ஊதா, உள்ள பளீர்னு வெள்ளை. மாவுன்னா அப்படி ஒரு மாவு, தண்ணில கொதிக்க விட்டா தோல் வெடிச்சு கரைஞ்சு பாத்திரம் பூரா கஞ்சி தான் மிஞ்சும், ஆவில தான் வேகவைக்கணும். அப்படி வேகவச்சு மசிச்சா மாஷ் அவ்ளோ லேசா வருது, போண்டாவுக்கும் பூரி மசாலுக்கும் கூட சூப்பர், மசிக்க கஷ்டமே இல்ல.

ஷெட்லாண்ட் பிளாக்கை பத்தி 1588ல ஸ்பெயின்காரன் கப்பல் உடைஞ்சு ஸ்காட்லாந்துக்கு வடக்க ஷெட்லாண்ட் தீவுல கரை ஒதுங்குன கிழங்குன்னு ஒரு கதை விடுவாங்க, கேக்க நல்லாருக்கு. குறுக்கே வெட்டினா உள்ள ஊதா வளையம் ஒண்ணு தெரியும், அழகு அதோட சரி. ருசி பரவால்ல, மாவுக் கிழங்கு தான், இந்த விலைக்கு நான் மறுபடி வாங்க மாட்டேன்.

ஹைலாண்ட் பர்கண்டி ரெட் உள்ளயே செக்கச்செவேல்னு இருக்கும், போட்டோவுக்கு அருமை. ஆனா அந்தச் சிவப்பு தண்ணில கரையுற சாயம், வேகவச்சா பாதி தண்ணில போயி கிழங்கு சோகை பிடிச்ச மாதிரி வெளுத்துரும். ஆவில வச்சா ஓரளவு நிக்குது, சிப்ஸா பொரிச்சா நல்லாவே நிக்குது. பொடிமாஸ் பண்ணுனா மஞ்சத்தூள் போடாதீங்க, சேறு கலர் ஆயிரும், எலுமிச்சை மட்டும் பிழிங்க, புளிப்பு பட்டதும் மங்கிப்போன சிவப்பு திரும்ப பளிச்சுன்னு ஏறும், பசங்க அதைப் பாத்தே ரெண்டு கரண்டி கூட சாப்பிட்டாங்க. கண்ணை மூடிட்டு தின்னா சாதா வெள்ளை உருளைக்கும் இதுக்கும் பெருசா ஒண்ணும் வித்தியாசம் தெரியல.

எதை வாங்கினாலும் ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, குளிர்ல ஸ்டார்ச் சர்க்கரையா மாறி வறுக்கும்போது உள்ள வேகறதுக்கு முன்ன வெளிய கருகிரும். பேப்பர் பைல, வெளிச்சம் படாத மூலைல போட்டா போதும்.

மிக்ஸ்டு பாக்ஸ் வேண்டாம்னு தான் சொல்லுவேன். பிங்க் ஃபிர் ஆப்பிள் தனியா கிலோ கணக்குல விக்கிற கடை பாத்து வாங்குங்க, அதுக்கு அந்த விலை தகும். ஆரன் விக்டரி கிடைச்சா ஒரு கிலோ. கிங் எட்வர்ட் சூப்பர்மார்க்கெட்லயே எடுத்துக்கலாம். கோல்டன் வொண்டர்னு இன்னொன்னு இருக்கு, அதே பேருல இங்க ஒரு சிப்ஸ் கம்பெனி இருக்கு, அதுக்குப் பேரே இந்தக் கிழங்குல இருந்து வந்தது, வறண்ட மாவுக் கிழங்குன்னு ஸ்காட்லாந்துக்காரங்க உசுரா இருப்பாங்க. பாக்ஸ்ல அது இல்ல, எங்கயாவது கண்ணுல பட்டா அதைத்தான் அடுத்து வாங்கப் போறேன்.