எச்டிஎம்ஐ போர்டு மாற்றியதாகச் சொல்லி 9,500 வாங்கினார்கள், மாற்றவே இல்லை

கோவையில் ஹோம் தியேட்டர் ரிசீவர் (ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) வைத்திருப்பவர்கள், அதிலும் கம்ப்யூட்டரை அதில் சொருகிப் படம் பார்ப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் சர்வீஸ்காரருக்கு போன் போடுங்கள். எனக்கு மொத்தம் 16,800 ரூபாய் போயிருக்கிறது. கோளாறு என்னவோ ரிசீவரிலும் இல்லை, கேபிளிலும் இல்லை.

பிரச்சினை இதுதான். படம் ஓடும்போது ஒன்றுமில்லை. நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய் வந்து மறுபடி ஓட விட்டால் முதல் வார்த்தை காணாமல் போகும். "எங்கே போனாய்" என்பது "போனாய்" என்று மட்டும் வரும். மெயில் வந்தால் ஒலிக்கிற 'டிங்' பத்துக்கு எட்டுத் தடவை கேட்காது. சில நேரம் ரிசீவர் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், ஒரு நொடி மௌனம், பிறகுதான் ஒலி. வாரண்டி முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்ததால் காந்திபுரம் பக்கம் ஒரு கடையில் சொன்னேன் (கடைப் பெயர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது). 500 ரூபாய் விசிட்டிங் சார்ஜுக்கு ஒரு பையன் வந்தார்.

வந்தவர் ஒரு பாட்டைக்கூடப் போட்டுக் கேட்கவில்லை. பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்து, "கேபிள் சரியில்லைங்க சார், லோக்கல் அயிட்டம், இதுல சவுண்டு கட்டாகத்தான் செய்யும்" என்றார். பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். தங்க முலாமாம், 2.1 கேபிளாம், மூன்று மீட்டர் 6,800 ரூபாயாம். நானும் வாங்கிவிட்டேன், என்னைச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு விஷயம். படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் அனுப்புகிற முறைதான் எச்டிஎம்ஐ, அதில் ஒலிக்கென்று தனிக் கம்பி கிடையாது. படத்தின் வரிகளுக்கு நடுவே கிடைக்கிற இடைவெளியில்தான் ஒலியைப் பொட்டலம் பொட்டலமாகத் திணித்து அனுப்புகிறார்கள். கேபிள் மோசமென்றால் பெரும்பாலும் படமும் சேர்ந்து அடி வாங்கும், திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும் அல்லது ஒரு நொடி மொத்தமாகக் கறுத்துத் திரும்பும். படம் கல்லு மாதிரி நிற்கிறது, ஒலி மட்டும் போகிறது என்றால் கேபிளைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். அப்புறம் அந்த "2.1 கேபிள்" என்பதே விற்கிறவர்கள் பேச்சு. கேபிளுக்குப் பதிப்பு எண் கிடையாது, தரப் பிரிவுதான் உண்டு. நொடிக்கு 18 ஜிகாபிட் தகவல் தாங்குவது பிரீமியம் ஹை ஸ்பீடு, 48 ஜிகாபிட் தாங்குவது அல்ட்ரா ஹை ஸ்பீடு. சான்று பெற்ற கேபிளின் பெட்டியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கிற ஸ்டிக்கர் இருக்கும். என் பெட்டியில் பளபளப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

புதுக் கேபிளிலும் அதே 'டக்'. போன் செய்தேன். "அப்ப எச்டிஎம்ஐ போர்டு போயிருச்சுங்க சார், செட்ட கொண்டாந்து குடுங்க." தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன், பதினொரு கிலோ, மாடிப்படி வேறு. பத்து நாள் கழித்து "போர்டு மாத்தியாச்சு, ஒரிஜினல், 9,500" என்றார்கள். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் "போர்டு சேஞ்ச்" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி எண்ணெல்லாம் இல்லை. பழைய போர்டைக் கேட்டேன். "அது கம்பெனிக்குப் போயிருச்சு சார்."

வீட்டுக்கு வந்து கேபிளைச் சொருகக் குனிந்தபோதுதான் பார்த்தேன். என் மனைவி இருட்டில் துளை தெரிவதற்காக இரண்டு வருடம் முன்பு மூன்றாவது எச்டிஎம்ஐ போர்ட்டின் (கேபிள் சொருகுகிற துளை) உலோக விளிம்பில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தார். அந்தத் துளை உள்ளேயிருக்கிற சர்க்யூட் போர்டிலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்த பாகம், போர்டு மாறினால் அதுவும் மாறியாக வேண்டும். பொட்டு அங்கேயே இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்திருந்ததுகூட அப்படியே. புத்தம் புதுப் போர்டில் எங்கள் வீட்டு நெயில் பாலிஷ்!

அன்று ராத்திரி கோபத்தில் உட்கார்ந்து நானே பார்த்தேன். ஒரு பாட்டை ஒரு மணி நேரம் விடாமல் ஓட விட்டேன், ஒரு தடவைகூட அறுபடவில்லை. நிறுத்திவிட்டு ரிசீவரின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய பத்து நொடியில் 'பிசிஎம்' என்ற எழுத்து (ஒலி வந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம்) அணைந்தது. மறுபடி பாட்டைப் போட்டால் எழுத்து வருவதற்குள் முதல் சொல் போய்விடுகிறது. அதே போர்ட், அதே பழைய கேபிள், கம்ப்யூட்டருக்குப் பதில் டிடிஎச் பெட்டியைச் சொருகினேன். ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் தூங்குவது கம்ப்யூட்டர்தான். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க ஒலி டிரைவர் (கம்ப்யூட்டரில் ஒலியைக் கவனிக்கிற மென்பொருள்) எச்டிஎம்ஐ ஒலியை நிறுத்திவிடுகிறது, திரும்ப வரும்போது ரிசீவர் அதைப் புதிதாகப் பிடித்துக்கொள்ள அரை நொடி, ஒரு நொடி ஆகிறது.

சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி, சத்தமே இல்லாத ஒரு ஆடியோ கோப்பைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். அது ஓடும்போது பிரச்சினை வராவிட்டால் இதுதான் காரணம். நிரந்தரமாகச் சரிசெய்ய விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கிற இடம்) அந்த ஒலிச் சாதனத்தின் கீழ் 'பவர் செட்டிங்ஸ்' என்ற பகுதியில் 'பெர்ஃபார்மன்ஸ் ஐடில் டைம்' மதிப்பை பூஜ்யமாக்கி ரீஸ்டார்ட் செய்தேன், அவ்வளவுதான் (கை வைப்பதற்கு முன் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்). லினக்ஸ் என்றால் இன்டெல் எச்டி ஆடியோ மாட்யூலின் 'பவர் சேவ்' மதிப்பை பூஜ்யமாக்க வேண்டும். உங்களுக்கு ஒலியோடு படமும் சேர்ந்து வெட்டுகிறதென்றால் கதை வேறு. கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 4கே 60 ஹெர்ட்ஸை (நொடிக்கு 60 படம்) 30 ஆக்கிப் பாருங்கள், அதில் நின்றுவிட்டால் கேபிளை மாற்றலாம்.

மறுநாள் பொட்டைப் போட்டோ எடுத்து வாட்சப்பில் கடைக்காரருக்கு அனுப்பினேன். முதலில் "அது க்ளீனிங் சார்ஜ் சார்" என்றார், பிறகு போனை எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் பதிவு செய்தேன். நான்காவது நாள் அவரே கூப்பிட்டு 6,000 ரூபாய் போட்டுவிட்டார், "இத்தோட முடிச்சுக்கலாம்ங்க சார்" என்று கெஞ்சல் வேறு. மீதி 3,500க்காகப் புகாரை இன்னும் முடிக்கவில்லை. கேபிளைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம், பெட்டியைப் பிரித்துவிட்டேனாம். பிரித்தது அவர்கள் அனுப்பிய பையன்.