புது ஓவனின் பிளக்கில் ஸ்குரூ இருந்தால் காசு கொடுக்காதீர்கள்

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், மண்டபம் பக்கம் வீட்டிலேயே கேக், பன் போட்டு விற்கிற பெண்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். ராமநாதபுரம் டவுனில் ஒரு கடையில் புதுசு என்று சொல்லி எங்களுக்கு விற்ற ஓடிஜி (கரண்டில் ஓடுகிற, கேக் சுடுகிற) ஓவன் என் உம்மாவுக்கு ஷாக் அடித்துவிட்டது. ஆள் நன்றாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஷாக் அடித்தது தற்செயல் இல்லை, கடையில் தெரிந்தே செய்த ஒரு வேலையால் அடித்தது, அதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இப்போது போடவில்லை.

பெருநாள் ஆர்டர் வரும் என்று பெரிய ஓவனாகப் பார்க்கப் போனோம். 2000 வாட், உள்ளே ரெண்டு தட்டு வைக்கலாம், எட்டாயிரத்துச் சொச்சம். பெட்டி ஏற்கெனவே பிரித்து டேப் ஒட்டியிருந்தது. ஏன் பிரித்திருக்கிறது என்று கேட்டால், "டெஸ்ட் பண்ணித்தான் லாத்தா குடுப்போம், மத்த கடை மாதிரி இல்ல" என்றார் கடையில் இருந்த பையன். ஒயரின் நுனியில் மிக்சிக்கு இருக்கிற மாதிரி சின்ன பிளக். அதையும் கேட்டேன். "பெரிய பிளக் எல்லார் வீட்டு கிச்சன்லயும் சேராது, அதான் உங்களுக்கு வசதியா மாத்திக் குடுத்திருக்கோம், அதுக்கு எக்ஸ்ட்ரா காசு வாங்கல" என்று ஏதோ உபகாரம் பண்ணின மாதிரி பதில். பில் கேட்டால் சிஸ்டம் வேலை செய்யவில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்று கையெழுத்தில் ஒரு எஸ்டிமேட் சீட்டு. அந்த பில் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. நல்லவேளை, பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்தோம்.

வீட்டில் போட்ட முதல் சில தடவை கேக் நன்றாகத்தான் வெந்தது. பிளக் மட்டும் தொட முடியாத சூடு. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் உம்மா தொழுகைக்காக கை கால் கழுவி ஒளு எடுத்துவிட்டு ஈரக்காலோடு அடுப்படிக்கு வந்து, மேலே இருந்த துணியை எடுக்கப் போனவர் ஓவனின் பக்கவாட்டுத் தகரத்தைத் தொட்டார். கையை உதறிக்கொண்டு பின்னால் போய் அலமாரியில் மோதி உட்கார்ந்துவிட்டார். எங்களுடையது பழைய வீடு, ஃபியூஸ் கேரியர்தான், ஷாக் அடித்தால் தானாக கரண்டைக் கட் பண்ணுகிற ஆர்சிசிபி எதுவும் கிடையாது.

கடைக்கு போன் போட்டோம். வந்த பதில்: "உப்புக்காத்து லாத்தா. கடக்கரை வீட்ல எல்லாச் சாமானும் இப்டித்தான் ஆவும். செருப்புப் போட்டுக்கிட்டு யூஸ் பண்ணுங்க." வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத சாமானைப் பற்றி!

எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒயரிங் பார்க்கிற காக்கா (அண்ணன்) ஒருவர் வந்தார். டெஸ்டரை ஓவன் உடம்பில் வைத்ததும் விளக்கு எரிந்தது. அவர் ஓவனைத் திறக்கவில்லை, முதலில் பிளக்கைத்தான் கழற்றினார். உள்ளே ரெண்டு ஒயர்தான் மாட்டியிருந்தது. மூன்றாவது, அந்தப் பச்சை மஞ்சள் கோடு போட்ட எர்த் ஒயரை, ஒட்ட வெட்டி, பின்னால் மடக்கி, கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள். பிளக்கில் எர்த் பின் பார்வைக்கு ஜம்மென்று இருக்கிறது, அதில் ஒன்றும் மாட்டவில்லை. கரண்ட் வருகிற பின் பக்கம் பிளாஸ்டிக் பழுப்பேறி உருக ஆரம்பித்திருந்தது. 2000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். அவர்கள் மாட்டிக் கொடுத்தது 6 ஆம்பியர் பிளக். உருகாமல் என்ன செய்யும்?

சரி, பிளக்கை மாற்றியது சோம்பேறித்தனம் என்றே வைத்துக்கொள்வோம், எர்த்தை எதற்கு வெட்ட வேண்டும்? இதை அந்தக் காக்கா சொன்னபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. ஓவனை அவர் வீட்டுக்கு எடுத்துப் போய், 16 ஆம்பியர் பிளக் போட்டு எர்த்தையும் ஒழுங்காகக் கொடுத்து ஆன் பண்ணினார். அந்த நிமிஷமே அவர் வீட்டு ஆர்சிசிபி டிரிப் ஆகி, அதாவது விழுந்து, கரண்ட் கட் ஆகிவிட்டது. ஓவனின் ஹீட்டர் ராடுக்குள் சுருள் கம்பியைச் சுற்றி ஒரு வெள்ளைப் பொடி அடைத்திருக்கும், மெக்னீசியம் ஆக்சைடு. அது ஈரத்தை உறிஞ்சும். நம்ம ஊர் மாதிரிக் காற்று ஈரமான இடத்தில் ரொம்ப நாள் ஓடாமல் கிடந்தால் ராடின் முனை வழியாக ஈரம் ஏறி, கம்பியில் போகிற கரண்ட் வெளித் தகரத்துக்குக் கசியும். எர்த் இருந்தால் கசிவு அது வழியாக இறங்கி, ஆர்சிசிபி கட் பண்ணிவிடும். வாங்கினவர் வந்து "போட்டாலே டிரிப் ஆகுது" என்று சண்டை போடுவார். எர்த்தை வெட்டிவிட்டால் டிரிப் ஆகாது, ஓவனும் ஓடும், கசிவு மட்டும் தொடுகிற ஆளுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். வேறு யாரோ டிரிப் ஆகிறது என்று திருப்பிக் கொடுத்ததைத்தான் எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பது என் முடிவு. துகள் விழுகிற தட்டுக்கு அடியில் எங்களுடையது அல்லாத கருகிய எள் கிடந்தது. நாங்கள் எள் போட்டு எதையும் சுடுவதே இல்லை.

கொடுமை என்னவென்றால், வெறும் ஈரம்தான் காரணம் என்றால் விவரம் தெரிந்த மெக்கானிக் சூடு காட்டி உலர்த்தி, மீட்டர் வைத்துப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். சரியாகாவிட்டால் ராடு மாற்ற வேண்டும். அதற்குச் செலவு செய்ய மனசில்லாமல் கத்தரிக்கோலை எடுத்திருக்கிறார்கள்.

கடையில் நீங்கள் பார்க்க வேண்டியது பெரிய வித்தை இல்லை. கம்பெனியிலிருந்து வருகிற பிளக் ஒயரோடு சேர்த்து வார்த்த ஒரே துண்டாக இருக்கும், அதைக் கழற்றவே முடியாது. ஸ்குரூ போட்ட பிளக் என்றால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, பிளக்கின் பெரிய பின்னுக்கும் ஓவனின் பின்பக்கம் பெயிண்ட் இல்லாத ஒரு ஸ்குரூவுக்கும் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், பீப் வர வேண்டும். "அதெல்லாம் எதுக்கு" என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதோடு உள்ள சிஎம்/எல் என்கிற லைசென்ஸ் எண்ணை, அந்த முத்திரை கொடுக்கிற பிஐஎஸ் அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யாருடைய லைசென்ஸ் என்று தெரிந்துவிடும்.

வீட்டில் ஓவனுக்குத் தனியாக 16 ஆம்பியர் பாயிண்ட் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே மாட்டாதீர்கள், பிரிட்ஜோடு சேர்த்து மாட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உப்புக்காற்று என்பது முழுப் பொய்யும் இல்லை: சுவிட்சுக்குள், எர்த் கம்பி இறங்குகிற இடத்தில் களிம்பு பிடித்து இணைப்பு விட்டுப்போகும், அதனால் நம்ம பக்கம் எர்த்தை அவ்வப்போது ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று இப்போது போட்டுவிட்டோம், அதில் இருக்கிற டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்தினால் விழ வேண்டும். ஓவனைச் சுவரில் ஒட்டி வைக்காமல் நாலு பக்கமும் மேலேயும் இடம் விடுங்கள், மேலே துணி, பிளாஸ்டிக் டப்பா எதுவும் வேண்டாம். தட்டை ஈரத்துணியால் பிடித்து எடுக்காதீர்கள், ஈரம் சூட்டை நேராகக் கைக்குக் கடத்தும். உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்கக் கூடாது, சுவிட்சை அணைத்து அப்படியே மூடி வைத்தால் காற்றில்லாமல் அணைந்துவிடும். சூட்டில் இருக்கும் கதவுக் கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

நாங்கள் 1915க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தோம். பில் இல்லையே என்று பயந்தேன், ஜிபே ரசீது, எஸ்டிமேட் சீட்டு, பிளக்கைக் கழற்றியபோது எடுத்த வீடியோ மூன்றையும் கொடுத்திருக்கிறோம். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வாங்கிய சாமானுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து ரெண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

புகார் போனதும் கடைக்காரர் தானே கூப்பிட்டார். பாதிப் பணம் தருகிறேன், ஓவனைக் கொண்டு வாருங்கள், வீடியோவை அழித்துவிடுங்கள் என்றார். முழுப் பணமும், பிளக்கை மாற்றியது தாங்கள்தான் என்று எழுத்தில் ஒரு வரியும் கேட்டிருக்கிறேன். அதுவரை ஓவன் எங்கள் வீட்டிலேயே இருக்கும், பிளக்கும் அதே டேப்போடு தனியாகக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.