ஃபாக்ஸ் வழியா, ஷெல்பர்ன் வழியா? 1782 லண்டன் அமைச்சரவை

அமெரிக்க சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் படை யார்க்டவுனில் சரணடைந்த பின், 1782 மார்ச்சில் பிரிட்டிஷ் பிரதமர் நார்த் பிரபு பதவி விலகினார். அடுத்துப் பிரதமரான ராக்கிங்ஹாமின் அமைச்சரவையில், வெளியுறவு அமைச்சர் ஃபாக்ஸுக்கும் காலனிகளையும் கவனித்த உள்துறை அமைச்சர் ஷெல்பர்னுக்கும் அமெரிக்காவை எப்படி விடுவது என்பதில்தான் இழுபறி.

சுதந்திரம்
ஃபாக்ஸ்: உடனே, நிபந்தனையின்றி.
ஷெல்பர்ன்: ஒப்பந்தத்தோடு, பேரம் பேசி.

பேச்சு யார் கையில்?
ஃபாக்ஸ்: அங்கீகரித்த கணமே அமெரிக்கா அந்நிய நாடு, வெளியுறவு அமைச்சரான தன் கைக்கு வரும்.
ஷெல்பர்ன்: அதுவரை காலனிதான், என் துறை.

உண்மையான சண்டை இந்த நாற்காலிக் கணக்குதான். விளைவு, பாரிசில் ஒரே அரசுக்கு இரண்டு தூதர்கள்: பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் வெர்ஜென்னிடம் ஃபாக்ஸின் ஆள் கிரென்வில், அமெரிக்கத் தூதர் பிராங்க்ளினிடம் ஷெல்பர்னின் ஆள் ஆஸ்வால்ட்.

மன்னர்
மூன்றாம் ஜார்ஜுக்கு ஃபாக்ஸ் என்றாலே ஆகாது, ஷெல்பர்னைச் சகித்துக்கொண்டார்.

அமெரிக்காவை பிரான்சிடமிருந்து சீக்கிரம் பிரிக்க ஃபாக்ஸ் வழி. சுதந்திரத்தைக் கையிருப்பாக வைத்துப் பேரம் பேச ஷெல்பர்ன் வழி. ஜூலை 1-ல் ராக்கிங்ஹாம் இறந்தார். ஷெல்பர்ன் பிரதமரானார், ஃபாக்ஸ் வெளியேறினார். பிரிட்டனும் அமெரிக்காவும் செய்த நவம்பர் 30 முதற்கட்ட சமாதான உடன்படிக்கையின் முதல் பிரிவே சுதந்திரம்தான்.