ஊஞ்சல் கொக்கியில் மாட்ட எந்த வளையம்?

எங்கள் வீட்டுக் கூடத்தின் கூரையில் நான்கு இரும்புக் கொக்கிகள் இருக்கின்றன. வீடு கட்டியபோது, தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த நாளில், ஊஞ்சலுக்கு வேண்டும் என்று அப்பா சொல்லிப் போடவைத்தவை. மூன்று ஆண்டுகளாகக் காலை நேரத்தில் ஊஞ்சல் பலகை சுவரோரம் ஒதுங்கிவிடும். நான்கில் இரண்டு கொக்கிகளில் என் ஜிம்னாஸ்டிக் வளையங்கள் தொங்கும். அதைப் பார்த்துவிட்டுத் தானும் வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் கேட்கும் முதல் கேள்வி, "மரமா, பிளாஸ்டிக்கா?"

அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. எதில் தொங்கவிடப் போகிறோம் என்பது முதல் கேள்வி, வளையத்தைத் தொங்கவிடும் பட்டையும் அதைப் பூட்டும் பக்கிளும் எப்படி என்பது இரண்டாவது. வளையம் உடைந்து விழுந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. பட்டை நழுவி விழுந்த ஒருவரை மட்டும் நன்றாகத் தெரியும், அது நான்தான். ஆனாலும் கேட்பவர்களின் வரிசையிலேயே போகிறேன். மரத்தைப் பற்றிச் சொல்லாமல் கொக்கியைப் பற்றிப் பேசினால் யாரும் காது கொடுப்பதில்லை.

மரம், பிளாஸ்டிக், இரும்பு

நான் முதலில் வாங்கியது பிளாஸ்டிக். விலை குறைவு, பார்க்கவும் திடமாக இருந்தது. மார்கழியில் வாங்கியதால் நான்கு மாதம் குறையே தெரியவில்லை. சித்திரை பிறந்ததும் தெரிந்தது. தொங்கியபடி உடலை மேலே இழுக்கும் புல்-அப்பில், ஐந்தாவதிலேயே முதுகும் தோளும் இன்னும் தயாராக இருக்கும்போதே விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளும். வியர்வைக்குப் போக இடமில்லை. உள்ளங்கைக்கும் வளையத்துக்கும் நடுவே எண்ணெய்போல நிற்கும். மெக்னீசியம் கார்பனேட் பொடி தடவினால் முதல் சுற்றுக்குத் தாங்கும், பிறகு குழைந்து சேறாகிவிடும். இன்னொரு தொல்லை, அச்சில் வார்த்த இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் ஓடும் மெல்லிய விளிம்பு. கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கைக்குத் தெரியும். பாட்மிண்டன் மட்டைக்குச் சுற்றும் கிரிப்பைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு வாரத்தில் அவிழ்ந்து தொங்கியது.

மரவளையம் பெரும்பாலும் பிர்ச் மரத்தின் மெல்லிய ஏடுகளை ஒட்டி அழுத்திக் கடைந்தது. பக்கவாட்டில் பார்த்தால் ஏடுகளின் கோடுகள் தெரியும். மரம் கொஞ்சம் வியர்வையைக் குடித்துக்கொள்ளும், பொடியும் அதன்மேல் நன்றாக உட்காரும். ஆனால் "மரம்" என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. கண்ணாடிபோல் மினுக்கும் வார்னிஷ் பூசிய மரவளையம் பிளாஸ்டிக்கைவிடப் பெரிய மேன்மை உடையதல்ல. அப்படி வந்து சேர்ந்தால், 220 எண் உப்புத்தாளை வாங்கி மினுமினுப்பு போகும்வரை லேசாகத் தேய்த்துவிடுங்கள். என் வளையத்துக்குப் பத்து நிமிட வேலைதான் பிடித்தது. பொருளே மாறிப்போனதுபோல் இருந்தது.

மரம் தோற்கும் இடம் ஒன்று உண்டு: திறந்தவெளி. மொட்டைமாடியிலோ வேப்பமரக் கிளையிலோ இரவு பகலாகத் தொங்கவிடுவதாக இருந்தால் ஐப்பசி மழை மரவளையத்தைத் தின்றுவிடும். முதலில் பூஞ்சை வரும், பிறகு ஏடுகள் பிரியும். அங்கே பிளாஸ்டிக்தான் சரி.

இரும்பு வளையத்தை ஒரு நண்பர் வீட்டு மாடியில் பிடித்துப் பார்த்தேன். கனம், வழுக்கல், மே மாதத்தில் தோசைக்கல். அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

28-ஆ, 32-ஆ?

கடைகளில் இரண்டு பருமன்களில் கிடைக்கின்றன: 28 மில்லிமீட்டர், 32 மில்லிமீட்டர். சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பின் விதிப்படி போட்டி வளையத்தின் உள்விட்டம் 18 சென்டிமீட்டர், பருமன் 28 மில்லிமீட்டர். 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே வளையப் போட்டி இருந்தது. கிரேக்கத்தின் யோவானிஸ் மித்ரோபூலோஸ் வென்றார். அவ்வளவு பழைய விளையாட்டின் அளவு என்பதால், "ஒலிம்பிக்கில் 28, ஆகவே 28-தான் சிறந்தது" என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. போட்டியில் வீரர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு தொங்குவதில்லை. விரலடியில் சிறு உருளை வைத்துத் தைத்த தோல் கைப்பட்டை அணிகிறார்கள், அந்த உருளை வளையத்தோடு கொக்கிபோல் பூட்டிக்கொள்கிறது. நாம் கூடத்தில் கைலியோடு வெறுங்கையில் தொங்குகிறவர்கள். அவர்களுடைய அளவு நமக்குச் சட்டமல்ல.

வெறுங்கைக்கு எது பொருந்தும் என்று அறிய ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது. குழாய் சாமான் விற்கும் கடைக்குப் போய் ஜி.ஐ. பைப்பைப் பிடித்துப் பாருங்கள். முக்கால் அங்குல பைப்பின் வெளிவிட்டம் ஏறக்குறைய 27 மில்லிமீட்டர். ஒரு அங்குல பைப் 34-ஐ நெருங்கும். விரல் நுனி கட்டைவிரலைத் தாராளமாகத் தாண்டி மூடுகிறதா, தொட்டுக்கொள்ளத் தவிக்கிறதா என்று பார்த்தால் அரை நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். தொங்குகிற பயிற்சிகளுக்கு ஒல்லியான வளையம் கைப்பிடியைச் சீக்கிரம் களைக்க விடாது. கையூன்றி உடலை இறக்கி ஏற்றும் டிப்ஸ், புஷ்-அப் போன்று அழுத்துகிற பயிற்சிகளுக்குப் பருத்த வளையம் உள்ளங்கையில் பாரத்தைப் பரப்பித் தரும், 28 கொஞ்சம் வெட்டும். என் கை பெரியது, நான் அழுத்துகிற பயிற்சியே அதிகம் செய்கிறவன், அதனால் 32. என் தங்கை அதே வளையத்தில் ஒரு புல்-அப் செய்துவிட்டு, "அண்ணா, இது உலக்கை" என்று இறங்கிவிட்டாள். அவளுக்கு 28-தான்.

பட்டையும் பக்கிளும்

இனி பணம் போட வேண்டிய இடத்துக்கு வருவோம்.

வளையத்தோடு வரும் பட்டையை நிறுத்திப் பிடிக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, பல்வைத்த உலோக நாக்கு பட்டையைக் கவ்விக்கொள்ளும் கேம் பக்கிள். நாக்கை அழுத்தினால் பட்டை ஓடும், விட்டால் கவ்வும், பாரம் ஏற ஏற இன்னும் இறுக்கமாகக் கவ்வும். எந்த உயரத்திலும் நிறுத்தலாம். இன்னொன்று, பட்டை நெடுகக் கண்ணிகளாகத் தைத்து, வேண்டிய கண்ணியில் காரபினரை, அதாவது திறந்து மூடும் உலோக வளையக் கொக்கியை, கோத்துக்கொள்வது. அது நழுவவே நழுவாது. ஆனால் கண்ணிக்குக் கண்ணி தாவத்தான் முடியும், நடுவில் நிற்க முடியாது.

நான் விழுந்தது கேம் பக்கிளில். பழி பக்கிள்மேல் அல்ல, என்மேல். பட்டையை எதிர்ப்பக்கமாக நுழைத்திருந்தேன். அப்படி நுழைத்தாலும் பட்டை நிற்கும், கையால் இழுத்துப் பார்த்தாலும் நிற்கும், அதுதான் ஆபத்து. பாரம் இழுக்கும் திசை மாறிவிட்டதால் நாக்கின் பல் பதியாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொரு டிப்ஸுக்கும் வலது வளையம் அரை விரற்கடை இறங்கியது. என் வலது தோள்தான் பலவீனம் என்று நினைத்து இன்னும் முனைந்து அழுத்தினேன். ஆறாவதில் மொத்தமாக ஓடிவிட்டது. வளையம் முழங்கால் உயரத்தில் இருந்ததால் முழங்கை சிராய்ப்போடு தப்பித்தேன். தலைகீழாக நின்று பார்க்கும் ஆசை வந்த வாரம் அது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். பட்டையைப் பூட்டியதும் பக்கிள் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு. இரண்டு வளையங்களிலும் கால் வைத்து ஏறி நின்று ஒரு முறை குலுக்குவேன். இறங்கிக் கோட்டைப் பார்ப்பேன். கோடு நகர்ந்திருந்தால் அன்றைக்குப் பயிற்சி இல்லை. பக்கிளை எப்போதும் மேலே கொக்கிப் பக்கமாக ஏற்றி வைக்க வேண்டும். வளையத்துக்கு அருகே விட்டால் டிப்ஸில் அது கையில் இடித்துக்கொண்டே இருக்கும்.

பட்டையில் எண்கள் அச்சிட்டிருந்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். இல்லாவிட்டால் இரண்டு வளையங்களையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவதே தினசரிப் பயிற்சியாகிவிடும். எண்ணில்லாத பட்டை வாங்கிவிட்டவர்கள் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சிவப்பு நூல் தையல் போட்டுக்கொள்ளலாம், வேலை முடிந்தது. அகலத்தில் 38 மில்லிமீட்டர் பட்டை சுருளாமல் படியும், ஆனால் டிப்ஸில் புஜத்தை அதிகம் உரசும். பாலியெஸ்டர் பட்டை நைலானைவிடக் குறைவாக நீளும், ஈரத்தையும் வெயிலையும் மேலாகத் தாங்கும். எந்தப் பட்டையானாலும் துருப்பிடித்த கொக்கியில் நேரடியாக மாட்டாதீர்கள். துரு அரம்போல அறுக்கும். நடுவில் ஒரு காரபினர் போதும், ஆனால் சாவிக்கொத்துக் காரபினர் அல்ல. மலையேற்றத்துக்கானதில் தாங்குதிறன் கிலோநியூட்டனில் பொறித்திருக்கும். 22 என்றால் ஏறக்குறைய 2,200 கிலோ.

எதில் தொங்குவது?

ஊஞ்சல் கொக்கி இருக்கிற வீட்டுக்காரருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தளம் வார்க்கும் முன்பே கம்பிவலையோடு பிணைத்துக் கட்டிய கொக்கி, மூன்று பேர் உட்கார்ந்து ஆடிய பாரத்தைத் தாங்கிக் காட்டிய கொக்கி. பின்னால் துளை போட்டு அடித்த ஆங்கர் போல்ட் அப்படியல்ல. தலைக்கு மேலே நேர்கீழாக இழுபடும் போல்ட், திரும்பத் திரும்பக் குலுங்கும்போது தளரக்கூடும். புதிதாகப் போடுவதாக இருந்தால் தளத்தைவிட பீமின் பக்கவாட்டில் தாங்கியைப் பொருத்துவது மேல். போல்ட் பிடுங்கப்படுவதற்குப் பதிலாகக் குறுக்கே பாரம் தாங்கும். எங்கே துளையிடலாம் என்று கட்டடப் பொறியாளரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஓட்டு வீட்டில் உத்திரம் மட்டும், சட்டத்தைத் தொடாதீர்கள். மின்விசிறிக் கொக்கியைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். அது விசிறிக்காகப் போட்டது, பக்கத்தில் மின்கம்பியும் ஓடுகிறது.

இடைவெளியைக் கவனியுங்கள். போட்டியில் இரண்டு தொங்குபுள்ளிகளுக்கு நடுவே 50 சென்டிமீட்டர். நான்கு கொக்கி ஊஞ்சலில் பலகையின் ஒரு தலைமாட்டில் உள்ள இரண்டு கொக்கிகள் பல வீடுகளில் ஒன்றரை முதல் இரண்டு அடி விலகியிருக்கும். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்துகிறது. பலகையின் நீளவாட்டில் உள்ள இரண்டில் மாட்டினால் வளையங்கள் கைகளை வெளியே இழுக்கும். டிப்ஸில் தோள் கிழியும். இரண்டு பட்டைகளையும் ஒரே கொக்கியில் மாட்டினால் புல்-அப்புக்குப் பரவாயில்லை, அழுத்துகிற பயிற்சிகளில் பட்டைகள் தலையையும் தோளையும் நெருக்கும்.

யாரும் சொல்லாத கணக்கு பட்டையின் நீளம். பெட்டியில் வருவது பெரும்பாலும் 4.5 மீட்டர். மடித்துப் பூட்டினால் ஏறக்குறைய 2.2 மீட்டர்தான். பத்தடி உயரக் கூடத்தில் அதை முழுவதும் இறக்கினாலும் கைப்பிடி தரையிலிருந்து ஒன்றே முக்கால் அடியில் நின்றுவிடும். தரையொட்டித் தண்டால் எடுக்க முடியாது. நான் கொக்கிக்கும் காரபினருக்கும் நடுவே ஊஞ்சலின் சங்கிலியையே மூன்றடி சேர்த்துக்கொண்டேன். கூரை உயரம் எதிர்ப்பக்கமும் உதைக்கும். தொங்கிய நிலையிலிருந்து வளையத்துக்கு மேலே ஏறும் மசில்-அப்பில், எழும்போது இடுப்பு வளையத்தின் மட்டத்துக்கு வந்துவிடும், தலை அதற்கு மேல் மூன்றடியில். பத்தடி கூரை என்றால் வளையத்தைத் தாழ்த்தி முழங்காலை மடக்கித்தான் தொடங்க வேண்டும்.

இத்தனை ஏற்பாடு எதற்கு, கதவு நிலையில் மாட்டும் புல்-அப் கம்பி போதாதா? புல்-அப் மட்டும்தான் என்றால் போதும், தொந்தரவும் குறைவு. ஆனால் அந்தக் கம்பியில் வளையம் மாட்டாதீர்கள். வளையம் எப்போதும் முன்னும் பின்னும் அலையும். நிலைச்சட்டத்தில் நெருக்கி நிற்கும் கம்பி அந்த அலைச்சலுக்குச் செய்ததல்ல. கைப்பிடி வைத்த தொங்குபட்டைகள், ஒரே புள்ளியில் மாட்டிக் காலைத் தரையில் ஊன்றிச் செய்பவை, மூட்டுவலிக்காரருக்கும் புதியவருக்கும் இதமானவை. முழு எடையைத் தூக்குவதற்கு வளையத்துக்கு ஈடு அவை இல்லை. கம்பியில் பத்து டிப்ஸ் எடுப்பவர் வளையத்தில் இரண்டுக்கு நடுங்குவார். முதல் மாதம் கைநீட்டி அசையாமல் நிற்பதே பயிற்சி.

கடைசியில் என் வீட்டில் கேம் பக்கிளை ஜெயிக்கவைத்தது பலமோ துல்லியமோ அல்ல. மாலை ஆறு மணிக்கு அம்மாவுக்கு ஊஞ்சல் வேண்டும். இரண்டு காரபினரைக் கழற்றி, சங்கிலியைப் பலகைக்கு மாற்ற எனக்கு மூன்று நிமிடம். மறுநாள் காலையில் பேனாக் கோட்டுக்குப் பட்டையை இழுத்து நிறுத்த இன்னொரு நிமிடம். ஒரு நாள் மறந்து வளையத்தை விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டு வளையங்களிலும் துவைத்த வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.