கலப்புக் கட்டடத் திட்டக் கோப்பு: படம் பிரமாதம், தரைத்தளம் சுமார்

பழைய கட்டடங்களை இடித்துவிட்டு, கீழே கடை, நடுவில் அலுவலகம், மேலே வீடு என்று எழுப்பும் திட்டங்களுக்கு ஆலோசனை நிறுவனங்கள் ஒரு கோப்பு தயாரித்து உள்ளாட்சி மன்றத்தில் வைக்கும். வண்ணப் படங்களுக்கு முழு மதிப்பெண் தரலாம். நட்டு இருபது ஆண்டு ஆன மரங்கள்தான் அவற்றில் நிற்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மன்றத்தில் பாதி நேரம் எத்தனை மாடி என்ற சண்டையிலேயே போய்விடுகிறது. மாடி எண்ணிக்கையைப் பேசிக் குறைக்க முடியும். தரைத்தளத்தைக் கட்டிய பிறகு திருத்துவது பெரும்பாடு. ஆகவே கோப்பில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது குறுக்குவெட்டு வரைபடம், அதாவது கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டி உள்ளே காட்டும் படம். கடைத் தளத்துக்கு 4.5 மீட்டர் உயரம் இருந்தால் ஏசி குழாய், தீயணைப்புக் குழாய், பொய்க்கூரை எல்லாம் அடங்கும். வீட்டுக்குரிய 3 மீட்டரையே கடைக்கும் போட்டிருந்தால் கடை எடுக்க ஆள் வராது. சமையல் புகை மொட்டைமாடி வரை போக ஒரு குழாய்வழி வேண்டும். அதை வரைபடத்தில் விட்டுவிட்டால், பிற்பாடு மேலே இருக்கும் வீடுகளைத் துளைத்துக்கொண்டுதான் உணவகம் திறக்க வேண்டியிருக்கும். சரக்கு லாரி நிற்க இடம் ஒதுக்கியிருக்கிறதா என்பதும் இங்கேயே தெரிந்துவிடும்.

கோப்பின் மிகப் பலவீனமான பகுதி பார்க்கிங் கணக்கு. உதாரணமாக, வீடுகளுக்கு 100, அலுவலகத்துக்கு 80, கடைகளுக்கு 40 என்று தனித்தனியே கூட்டினால் 220 இடம். பகலில் வீட்டு வண்டிகளில் பாதி வெளியே போயிருக்கும். கடைகளுக்கு 30 போதும். 50, 80, 30 சேர்த்து 160 இடத்தில் முடித்துக்கொள்ளலாம் என்பது கோப்பின் வாதம். வாதம் சரிதான், இடங்கள் பொதுவாக இருக்கும்வரை. வீட்டோடு சேர்த்து ஆளுக்கொரு இடத்தை விற்றுவிட்டால், வண்டி இல்லாவிட்டாலும் அந்த 100 இடமும் பூட்டியே கிடக்கும். அப்போது பகல் தேவை 210. மீதி 50 வண்டி தெருவில்தான் நிற்கும். விற்பனை ஒப்பந்த மாதிரியையும் கோப்போடு கேட்டு வாங்குங்கள்.

போக்குவரத்து ஆய்வில் வண்டி எண்ணிக்கை எடுத்த தேதியைப் பாருங்கள். பள்ளி விடுமுறையில் எடுத்திருந்தால் அந்த அத்தியாயத்தை மூடிவிடலாம். கட்டடத்தின் நிழல் எங்கே விழும் என்று காட்டும் படங்கள் பெரும்பாலும் கோடை நண்பகலுக்கே இருக்கும். சூரியன் தாழ்ந்து போகும் குளிர்கால நாளில் காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்கு வரைந்ததைக் கேளுங்கள்.

கட்டம் கட்டமாகக் கட்டும் பகுதிக்கு ஒரே வாக்கியம்தான் ஒதுக்கியிருப்பார்கள். வீடுகள் முதலில், கடைகள் ‘பின்னர்’. அந்தப் ‘பின்னர்’ வராமலே போவதும் உண்டு. கடைத் தளம் முடியும்வரை வீடுகளில் ஒரு பங்குக்குப் பணி நிறைவுச் சான்று நிறுத்திவைக்கப்படும் என்ற நிபந்தனையைத் தீர்மானத்திலேயே எழுத வேண்டும். கட்டுநர் வாய்மொழியாகத் தரும் உறுதி மன்றக் கூட்டக் குறிப்பில் ஏறினாலும் நிபந்தனை ஆகாது.

படங்களுக்கு ஐந்துக்கு ஐந்து, பார்க்கிங்குக்கு ஒன்று, தரைத்தளத்துக்கு இரண்டு.