புது டயர் போட்டும் நடுரோட்டில் நின்றேன்: வால்வைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்

டயர் மாற்றப் போகிறவர்கள், அதிலும் சரக்கு வேன் வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். எனக்குப் போனது ஒரு டயரோடு போனது. பாரம் ஏற்றிய வண்டி அது, உயிரே போயிருக்கலாம்.

என் வேனுக்கு நான்கு டயரும் ஒரே நாளில் மாற்றினேன். பில்லில் ‘புது வால்வு 4’ என்று தனி வரி போட்டு அதற்கும் பணம் வாங்கினார்கள். வண்டியை எடுக்கும்போது நான்கு வீலிலும் வால்வின் மேல் புத்தம்புது மூடி இருந்தது. மூடி புதிதாக இருந்ததால் வால்வும் புதுசு என்று நம்பிவிட்டேன்.

பத்து நாள் போயிருக்கும். பின்னால் இடது டயரில் காற்று குறைய ஆரம்பித்தது. இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இறங்கியிருக்கும். ஆணி ஏதும் ஏறியிருக்கிறதா என்று டயர் முழுக்கத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அதே கடைக்குப் போனேன். “புது டயர் சார், ரிம்மில் செட்டாகிற வரைக்கும் கொஞ்சம் இறங்கும்” என்று சொல்லிக் காற்றடித்து அனுப்பிவிட்டார்கள். சோப்புத் தண்ணீர்கூடத் தெளித்துப் பார்க்கவில்லை. புது டயர் சரியாக உட்கார்ந்துவிட்டால் இப்படி நாளுக்கு நாள் இறங்காது. யாராவது உங்களிடம் இதையே சொன்னால் அங்கேயே நின்று சோதிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் முழு பாரத்தோடு போய்க்கொண்டிருந்தபோது பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. மெதுவாக ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் இடது பின் டயர் கிட்டத்தட்டத் தரையோடு அமுங்கிக் கிடந்தது. பக்கச்சுவரில் கை வைக்க முடியாத சூடு. ஸ்டெப்னி மாட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்த பஞ்சர் கடைக்குப் போனேன்.

அங்கிருந்த பெரியவர் டயரை உடனே ரிம்மிலிருந்து கழற்றவில்லை. காற்றடித்துவிட்டு முதலில் வால்வுக்குள் காற்றைத் தடுத்து நிறுத்தும் சின்ன ஊசியான ‘பின்’ மேல் சோப்புத் தண்ணீர் விட்டார், ஒன்றும் வரவில்லை. பிறகு வால்வின் அடியில், ரப்பர் ரிம்மோடு சேரும் இடத்தில் விட்டார். அங்கேயும் நேராக நிற்கும்போது குமிழி இல்லை. அப்புறம் வால்வை ஒரு விரலால் மெல்லப் பக்கவாட்டில் சாய்த்தார். அவ்வளவுதான், ரப்பரில் நகக்கீறல் மாதிரி இருந்த ஒரு கோடு வாய் பிளந்தது, பொலபொலவென்று நுரை கிளம்பியது. விரலை எடுத்ததும் மூடிக்கொண்டது. “தம்பி, இது புது வால்வே இல்லை” என்றார். டயரைப் பிரித்து, வால்வை வெட்டி எடுத்துக் கையில் கொடுத்தார். ரிம் ஓட்டை பல வருடம் கவ்விப் பிடித்ததில் ரப்பரைச் சுற்றிக் காடி விழுந்திருந்தது, மேலே பிரேக் தூசி கறுப்பாக ஒட்டிக் கிடந்தது. வண்டி வாங்கியபோது வந்த வால்வு, ஆறு வருடப் பழசு. மூடி மட்டும்தான் புதுசு.

டயரைப் பிரித்தபோதே உள்ளிருந்து கறுப்புப் பொடி கொட்டியது. காற்றில்லாமல் ஓடியதில் பக்கச்சுவர் உட்புறம் தேய்ந்து உதிர்ந்த பொடி அது. அந்த டயரை இனி எந்த வண்டிக்கும் போடக் கூடாது என்றார். ஒரு மாதம்கூட ஓடாத டயர்.

அவர் மற்ற மூன்றையும் பார்த்தார். அவை புதுசுதான். ஆனால் வலது பின் வீலில் இருந்ததும் தப்பு வால்வு. இதைத்தான் நான் விளக்கமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் எனக்கும் அதுவரை தெரியாது.

டியூப்லெஸ் டயருக்கு ரிம்மில் இழுத்துச் சொருகும் சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். கார்களில் பரவலாகப் போடும் டிஆர்413 இந்த ரகம். வலது பின் வீலில் இருந்ததும் இந்தச் சாதாரண வால்வுதான். என் வேனின் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு பாரத்துக்குப் பின் டயர் 75 பிஎஸ்ஐ என்று இருக்கிறது. அந்த அழுத்தத்துக்கு 80 வரை தாங்கும் ஹைபிரஷர் ரப்பர் வால்வு, அல்லது நட்டு போட்டு முறுக்கும் உலோக வால்வு வேண்டும். இரண்டும் சாதாரண வால்வின் அதே ஓட்டைக்குக் கிடைப்பதால், எதைப் போட்டாலும் உட்கார்ந்துவிடும். தப்பு நடப்பது இதனால்தான்.

ஓட்டை அளவும் முக்கியம். பெரும்பாலான கார் ரிம்மில் 11.5 மி.மீ., சில ரிம்மில் கிட்டத்தட்ட 16 மி.மீ. டிஆர்415 அந்தப் பெரிய ஓட்டைக்கு. நீளத்தைப் பொறுத்தவரை, 413-க்கும் 414-க்கும் ஓட்டை ஒன்றே, 414 கொஞ்சம் நீளம். வீல் கப்புக்குள் வால்வு புதைந்துபோகிறது என்றால் நீளமானது தேவைப்படும். தேவையில்லாமல் நீளம் போடாதீர்கள். வீல் வேகமாகச் சுற்றும்போது வால்வு வெளிப்பக்கம் இழுபட்டு வளையும். நீளம் கூடக் கூட அடி ரப்பர் அதிகம் வேலை செய்யும், வெடிப்பும் அங்கேதான் விழும்.

ரப்பர் புதுசாக இருந்தாலும் தரம் இல்லாவிட்டால் பயனில்லை. 2008-ல் அமெரிக்காவில் இந்த ரக வால்வுகளைப் பெருமளவில் திரும்பப் பெற்றார்கள். ரப்பர் கலவையில் ஓசோனைத் தாங்கும் பொருள் போதாததால் சீக்கிரமே அடியில் வெடித்தன.

வீலுக்குள் டயர் பிரஷர் சென்சார் உள்ள வண்டி என்றால் பெரும்பாலும் வால்வும் சென்சாரும் சேர்ந்தே இருக்கும். அலுமினிய வால்வில் நிக்கல் பூச்சுள்ள ‘பின்’தான் போட வேண்டும். வெறும் பித்தளைப் பின் போட்டால் உப்பு, ஈரம் பட்டு அரித்து உள்ளேயே இறுகிவிடும், பிறகு முழு வால்வையும் மாற்றும்படி ஆகும்.

கடைக்கு போன் செய்தேன். முதலில் “நாலும் புதுசுதான்” என்றார்கள். வெட்டிய வால்வைப் படம் எடுத்து அனுப்பினேன். அப்புறம் வேலை செய்த பையனே பேசினான்: “அண்ணே, அன்னைக்கு ஸ்டாக்ல மூணுதான் இருந்துச்சு.” மூன்றுதான் இருந்தது என்று அன்றே சொல்லியிருந்தால் நான் மறுநாள் வந்திருப்பேன். முதலாளி ஒரு வால்வுக்கான பணத்தை மட்டும் திருப்பித் தருகிறேன் என்கிறார், டயருக்குப் பொறுப்பேற்க மாட்டாராம். நான் பணத்தை வாங்கவில்லை. பில், பழைய வால்வு, டயரின் உட்புறப் படம் எல்லாம் வைத்து எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். டயரை ரிம்மில் ஏற்றும் முன் வால்வைக் கையில் வாங்கிப் பாருங்கள். ரகத்தின் எண் பெரும்பாலும் அடிப்பகுதி ரப்பரில்தான் இருக்கும், டயர் ஏறிய பிறகு அது உள்ளே மறைந்துவிடும். கழற்றிய பழைய வால்வுகளை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு மாற்றினால் நான்கு பழசு உங்கள் கைக்கு வர வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் மூடியைக் கழற்றி, வால்வை விரலால் லேசாகச் சாய்த்து அடி ரப்பரைச் சுற்றிப் பாருங்கள். கோடு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

எழுதுவதற்கு முன் என் ஸ்டெப்னியையும் இறக்கிப் பார்த்தேன். அதிலும் அதே ஆறு வருட வால்வு, சாய்த்தால் அதே கோடு. அன்று அதை நம்பித்தான் பாரத்தோடு மீதி தூரம் ஓட்டி வந்திருக்கிறேன். நாளை காலை முதல் வேலை அதை மாற்றுவது.