அமெரிக்க இரவா, தமிழ்ப் பகலா? சென்னைக் கால் சென்டர் வேலைகள்: ஓர் ஒப்பீடு

கால் சென்டர் வேலை நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த நாட்டு வாடிக்கையாளரிடம் பேசப் போகிறோம், எந்த நேரத்தில் பேசப் போகிறோம், அவர் நம்மை அழைக்கிறாரா நாம் அவரை அழைக்கிறோமா என்ற மூன்றும் தெரிந்த பிறகே அதற்கு விடை உண்டு.

பட்டம் முடித்தவுடன் பெரும்பாலோரை ஈர்ப்பது அமெரிக்க வாய்ஸ் பிராசஸ், அதாவது அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் தொலைபேசியில் பேசும் பணிதான். உள்நாட்டுப் பணியைவிடச் சம்பளம் கூடுதல்; இரவுப்படியும் வீட்டு வாசலுக்கே வரும் கேப் வசதியும் பெரும்பாலும் உண்டு; தடையில்லாமல் ஆங்கிலம் பேசும் பழக்கம் வேறெங்கு போனாலும் கைகொடுக்கும். ஆனால் நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 7.30, கலிபோர்னியாவுக்கான பணியென்றால் கோடையிலேயே இரவு 9.30-க்குத் தொடங்கி விடிந்த பிறகே முடியும். இரவுப் பணியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் சேர்த்து, 2019-இல் மீண்டும் உறுதிசெய்தது. பகல் தூக்கம் எப்படியும் பழகிவிடும் என்று ஆறுதல் சொல்பவர்கள், ஜன்னலுக்கு வெளியே ஒலிபெருக்கி அலறும் தெருவில் குடியிருந்திருக்க மாட்டார்கள். பெண்கள் கேப் ஏற்பாட்டைக் கூர்ந்து விசாரிக்க வேண்டும். 2005 டிசம்பரில் பெங்களூருவில் பணிக்குப் புறப்பட்ட பெண் ஊழியர் ஒருவர் ஓட்டுநரால் கொல்லப்பட்டது இந்தத் துறையையே உலுக்கியது. கடைசியாக இறங்குபவர் பெண்ணென்றால் நிறுவனத்தின் பாதுகாவலர் உடன் வருவாரா என்பது கேட்டே தீர வேண்டிய கேள்வி.

பிரிட்டன் பிராசஸ் கிடைத்தால் யோசிக்க வேண்டியதில்லை. லண்டனின் காலை 9 மணி நமக்குப் பிற்பகல் 1.30 அல்லது 2.30 என்பதால், ஆங்கிலப் பயிற்சியும் கிடைக்கும், நள்ளிரவுக்குள் வீடும் திரும்பலாம்.

தமிழில் பேசும் உள்நாட்டுப் பணியின் முதல் லாபம் பகல் வெளிச்சம். சம்பளம் குறைவென்பதே பெரிய குறை. அந்தக் குறைவில் ஒரு சிறு நன்மை உண்டு: மாத ஊதியம் 21,000 ரூபாயைத் தாண்டாதவரை இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு பொருந்தும், ஊதியத்தில் 0.75 சதவீதப் பிடித்தத்துக்குக் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி கிடைக்கிறது. உள்நாட்டுப் பணிக்குள்ளும் பெரிய பிரிவினை இருக்கிறது. சிம் கார்டு, காஸ் இணைப்பு, வங்கிக் கணக்கு பற்றிக் கேட்டு வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்வது பொறுமையைச் சோதித்தாலும் தாங்கக்கூடிய வேலை. கடன் வசூலுக்காக நாமே அழைப்பது அப்படியல்ல. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன்தாரரை அழைக்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கி வரையறுத்திருப்பதால், மாதக் கடைசியில் டார்கெட்டின் மொத்த நெருக்கடியும் அந்தப் பதினொரு மணி நேரத்துக்குள் திணிக்கப்படுகிறது. எதிர்முனையில் திட்டுபவரோ நம் ஊர்க்காரர், அவர் நிலைமையும் நமக்குப் புரிகிறது. இன்சென்டிவ் எவ்வளவு சொன்னாலும் இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அழைப்பை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறோம் என்ற கணக்கும், ஒட்டுக்கேட்டு மதிப்பெண் போடும் குவாலிட்டி பிரிவும், கழிவறைக்குப் போகும் நேரம்கூட பிரேக் நேரத்தில் கழிக்கப்படுவதும் இரு பக்கமும் ஒன்றே. ஆகவே தேர்வை முடிவுசெய்ய வேண்டியது கடிகாரம்தான். வீட்டில் கடன் இருந்து, உடலும் ஒத்துழைத்தால் அமெரிக்கப் பணியில் இரண்டு ஆண்டுகள் சேரலாம். அரசுத் தேர்வுக்குப் படிப்பவருக்கு உள்நாட்டுப் பகல் பணியே சரி. எதில் சேர்ந்தாலும், பணி நியமனக் கடிதத்தில் ‘ரொட்டேஷனல் ஷிப்ட்’ (சுழற்சி முறைப் பணிநேரம்) என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். இருந்தால், நேர்காணலில் வாய்மொழியாகச் சொன்ன பகல் நேரம் எந்த மாதமும் இரவாக மாறலாம்.